ஒரே கை ஓட்டிய வண்டி

“மீட்டர்ல தொண்ணூறாயிரம் கிலோமீட்டர்னு நிக்குதே, யார் காதுல பூ சுத்தறே?”

காருக்குள் எட்டிப் பார்த்தபடி கேட்டார் பெரியவர் லுபேகா. உகாண்டாவின் கம்பாலா நகரச் சாலையோரத்தில் பழைய கார் விற்கும் கசிரியே அசடு வழியச் சிரித்தான். இந்த ஒரு வண்டியை இன்றைக்கு விற்று வாடகை தராவிட்டால் இடத்துக்காரன் அவனைக் கிளப்பிவிடுவான்.

“உங்ககிட்ட மறைப்பானேன்? மீட்டரைக் குறைச்சதுதான். ஆறு லட்சம் ஓடிருச்சு. ஆனா ஜப்பான்லேருந்து வந்த இஞ்சின், இதுவரை ஒருத்தன் திறந்ததில்லை!”

“ஆறு லட்சமா? காரை விக்கிறியா, சவப்பெட்டியை விக்கிறியா?”

“உங்களையும் என்னையும் புதைச்சிட்டு அப்புறமும் ஓடும், பெரியவரே.”

லுபேகா பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. முன்கூட்டியே சூடேற்றி ஏமாற்றவில்லை. சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. புகைக்குழாயில் கைக்குட்டையை வைத்து எடுத்தார். கறையில்லை.

இஞ்சினை நிறுத்திவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

“என்ன பெரியவரே, உள்ளே பொண்ணு கிண்ணு இருக்கா?” என்றான் கசிரியே.

பக்கத்தில் சவாரிக்குக் காத்திருந்த பைக் டாக்சிக்காரர்கள் சிரித்தார்கள்.

லுபேகா மெதுவாக நிமிர்ந்தார். டார்ச்சை அணைத்தார். “எத்தனை கை மாறின வண்டி?”

விலையைக் குறைக்கத்தான் கேட்கிறார் என்று கசிரியேவுக்குப் பட்டது. “ஒரே கை! கப்பல்ல வந்து இறங்கின நாள்லேருந்து நான்தான் ஓட்டறேன்.”

“டிரைவர் யாராவது?”

“சாவியைப் பொண்டாட்டிகிட்டகூடக் கொடுத்ததில்லை.”

“சத்தியமா?”

“எங்கம்மா கல்லறை மேல சத்தியம்! டேய், நீங்கல்லாம் சாட்சிடா!”

பைக் டாக்சிக்காரர்கள் கை தூக்கினார்கள். லுபேகா ஆயில் மூடியைத் திருகி மூடினார்.

“இந்த இஞ்சினை நான் திறந்திருக்கேன். அப்போ வண்டி வெள்ளை நிறம். கராஜ்ல சாமானை மாத்திடுவானுங்கன்னு எல்லாரும் அடையாளம் வைக்கிற மாதிரி, உள்ளே என் தம்பி பேரை அரத்தால கீறி வெச்சேன். இப்பவும் அப்படியே இருக்கு. ஒன்பது வருஷம் முன்னாடி மசாக்கா ஊருக்கு சவாரின்னு இதை எடுத்துட்டுப் போனான். சதுப்பு நிலத்துல அவன் பிணம்தான் கிடைச்சது. கார் கிடைக்கலை.”

சிரிப்பு நின்றுவிட்டது. கசிரியே பின்னால் நகர்ந்தான்.

“ஐயோ, நான் இதை வாங்கியே ரெண்டு மாசம்தான் ஆச்சு! வியாபாரத்துக்காகச் சொன்னேன்யா!”

காலையிலிருந்து அவன் சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான். அதற்குள் பைக் டாக்சிக்காரர்கள் இறங்கி அவனைச் சூழ ஆரம்பித்திருந்தார்கள்.