உள்ளட்டை

தாள்கள் வெதுவெதுப்பாக வந்து விழுந்தன.

அவள் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

பாளையங்கோட்டை வெயில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றது. உள்ளே அச்சு இயந்திரத்தின் முனகல் மட்டும். தூக்கத்தில் யாரோ பேசுவதுபோல.

பார்வையில்லாதவர்களுக்குக் கணினித் திரையைத் தமிழில் வாசித்துக் காட்டும் மென்பொருள். ஊருக்கு ஒருவராகச் சிலர் சேர்ந்து செய்தது. இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதன் கையேடு இது.

எழுதியவர் ஞானதாஸ். பிறவியிலேயே பார்வை இல்லை. படங்களைச் சேர்த்துப் பக்கம் அமைத்தவள் அவள்.

பிள்ளைகளின் கணினியில் அதை ஏற்றித் தர வேண்டியவர்கள் அம்மாக்கள். திரையிலேயே படித்துத் திரையிலேயே செய்ய முடியாமல் தவித்தார்கள். தாளில் கொடுங்கள் என்றார்கள்.

அவளும் அப்படி ஓர் அம்மாதான்.

பெரிய அச்சகங்கள் ஆயிரம் பிரதிக்குக் குறைந்தால் தொடமாட்டோம் என்றன. ஜெராக்ஸில் படங்கள் கறுப்புத் திட்டுகளாயின. இந்தச் சின்னக் கடையின் மீரான் பாய்தான், "அம்பது போதும்னா அம்பதே போடுவோம்" என்றார்.

"அட்டைக்கு வெளிப்பக்கம் மட்டும் அடிப்போம்மா. உள்ளயும் அடிச்சா செலவு கூடிப் போவும்."

உள்ளட்டை வெள்ளையாகவே இருந்தது.

ஞானதாஸ் மேசையோரம் உட்கார்ந்து தாள்களைத் தடவினார். முதல் பக்கம். நடுப்பக்கம். கடைசிப் பக்கம்.

இத்தனை காலம் எழுதியதெல்லாம் விரலுக்கடியில் வழவழவென்று போயிற்று.

"நல்லா வந்திருக்காம்மா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார்."

ஞானதாஸ் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, இன்னும் தைக்காத அட்டைகளைக் கேட்டார்.

பையிலிருந்து, தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தைக் குத்தும் சட்டத்தையும் ஊசியையும் எடுத்தார். பின்னட்டையின் வெளிப்பக்கத்தில் பொருத்தி, வலமிருந்து இடமாகக் குத்தத் தொடங்கினார்.

டக். டக் டக்.

இயந்திரம் ஓய்ந்தது. மீரான் பாய் அடுத்த அட்டையை நீட்டினார். அதற்கடுத்ததை. கடையைச் சாத்தும் நேரம் கடந்துபோனது யாருக்கும் தெரியவில்லை.

மழைக்கு முந்தைய தூறல்போல அந்தச் சத்தம்.

மறுபக்கம், உள்ளட்டையின் வெள்ளையில் புள்ளிகள் எழும்பி நின்றன. அவள் தொட்டுப் பார்த்தாள். அவள் விரலுக்கு அது வெறும் மணல்.

"என்ன சார் எழுதுதீய?"

"இது உங்களுக்கு இல்லம்மா. பிள்ளையளுக்கு."

வீட்டுக்கு வந்ததும் முதல் பிரதியை மகளின் மடியில் வைத்தாள்.

மகள் தாள்களைத் தள்ளித் தள்ளிப் போனாள். கடைசியில் விரல் நின்றது.

மெல்ல ஊர்ந்தது. திரும்பி வந்தது. உதட்டோரம் ஏதோ அசைந்தது.

"என்னட்டீ போட்டிருக்கு? சொல்லேன்."

"பொறும்மா. இன்னொரு தடவ படிச்சுக்கிடுதேன்."