பொட்டு வைத்த பொத்தான்கள்

எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே குழந்தை சிரித்தது.

மேலாளர் திருமலையப்பனின் பேத்தி. முன்பல் விழுந்த சிரிப்பு. எட்டு சர்வருக்கும் முகப்புத் திரையில் அந்தப் படத்தையே வைத்திருந்தார் அவர். எட்டுக்கும் சேர்த்து இருந்ததோ ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ், ஒரே மானிட்டர். நடுவே ஒரு பெட்டி. பெட்டியில் எட்டுப் பொத்தான்கள். எதை அழுத்துகிறோமோ அந்த சர்வர் திரைக்கு வரும்.

எது எந்த சர்வர் என்று பொத்தானுக்குக் கீழே சீட்டு ஒட்டியிருந்தது.

சீட்டின் மேல்தான் சந்தனம் அப்பியிருந்தது.

ஆயுத பூஜை. நூல் மில்லில் ஓடுவது, சுழல்வது, மினுங்குவது எதையும் திருமலையப்பன் விடவில்லை. காலையில் பெட்டியின் வயர்களையெல்லாம் பிடுங்கித் துடைத்தார். கைக்கு வந்த வாக்கில் திரும்பச் செருகினார். புதுச் சீட்டு எழுதி ஒட்டினார். பசை காய்வதற்குள் ஒவ்வொரு சீட்டின் மேலும் கட்டைவிரலால் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்து, மனதாரக் கும்பிட்டார்.

சர்வர் அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அவளுக்குப் பழைய வரிசை மனப்பாடம். இப்போது அது எதற்கும் உதவாது.

இன்டர்காம் அலறியது. கேட்டிலிருந்து வாட்ச்மேன் பேச்சிமுத்து.

"பில்லு வரலம்மா. லாரி டிரைவரு பூசணிக்காயக் கையில வச்சுக்கிட்டு நிக்காரு. நல்ல நேரம் முடியப் போகுதாம். என்னையத்தான் வையிறாரு."

பில் போடும் சர்வர் மக்கர் செய்வது புதிதல்ல. அணைத்து எழுப்பினால் சரியாகிவிடும். திரையின் மூலையிலேயே அதற்கு வழி உண்டு. உள்ளே நுழைந்து பார்க்கத்தான் பாஸ்வேர்டு வேண்டும். அது திருமலையப்பனுக்கு மட்டும் தெரியும். வேலை நிரந்தரமாகாதவளுக்கு அவர் சொல்லமாட்டார். நிரந்தரமாக்கலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று அவர் எழுதித் தர வேண்டிய நாள் நாளை.

அவரைக் கேட்கலாமென்றால், அவர் பக்கத்து ஹாலில் முதல் வரிசையில் இருந்தார். கோயம்புத்தூரிலிருந்து முதலாளி பெரிய திரையில் பேசிக்கொண்டிருந்தார். போன்களையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். எல்லோர் மடியிலும் பொரியும் சுண்டலும் பொட்டலமாக இருந்தன. பேச்சு முடியும்வரை பிரிக்கக் கூடாது. குரல் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. தாத்தா காலத்தில் ஆரம்பித்தவர் இன்னும் அப்பா காலத்துக்கே வந்து சேரவில்லை.

அந்தப் பேச்சும் இந்த எட்டில் ஒன்றின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

சந்தனத்தைச் சுரண்டினால் தெரிந்துவிடும்.

நகத்தைக் கொண்டுபோனாள்.

வைத்த பொட்டை அழிப்பதா? அதுவும் நல்ல நாளில்?

அவள் பொறியியல் படித்தவள். விரல் படிக்கவில்லை. அது பாதியிலேயே திரும்பி வந்துவிட்டது.

வெளியே ஹாரன். விடாமல்.

பேத்திகளை மறுபடியும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒருத்தியாவது கண்ணடிக்கமாட்டாளா என்றிருந்தது. குலசாமியைக் கூப்பிட்டாள். பாவம், கிடா வெட்டினால் ஏற்றுக்கொள்ளும் சாமி. சர்வரைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

ஒரு பொட்டில் மட்டும் குங்குமம் லேசாக வழிந்திருந்தது.

சகுனம் என்று வைத்துக்கொண்டாள்.

அழுத்தினாள். மவுஸை மூலைக்கு நகர்த்தினாள். கிளிக்.

பேத்தி மறைந்தாள்.

"ஆகவே, உழைப்பு என்பது" என்றது சுவர்.

பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பில்லை எழுப்பப் போய் முதலாளியை அணைத்துவிட்டாள்.

ஹாலில் அமைதி. யாரோ இருமினார்கள். அப்புறம் ஒரு பொட்டலம் பிரியும் சத்தம். இன்னொன்று. சற்று நேரத்தில் ஹால் முழுக்கச் சரசரவென்று மழை பிடித்துக்கொண்டது.

கதவு திறந்தது.

திருமலையப்பன் உள்ளே வந்தார். குனிந்தார். அவள் விரல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த பொத்தானைப் பார்த்தார். அதன் பொட்டைத் தானே நகத்தால் சுரண்டினார்.

'மீட்டிங்' என்றிருந்தது, அவருடைய முத்தான கையெழுத்தில்.

அவ்வளவுதான், நாளையிலிருந்து வேறு வேலை தேட வேண்டியதுதான். தலையை நிமிர்த்தியபோதுதான் அவர் மீசையைக் கவனித்தாள்.

ஒரு பொரி ஒட்டியிருந்தது.

சுரண்டிய சந்தனத்தை அவர் கட்டைவிரலால் வழித்து, அதே சீட்டின் மேல் இன்னும் தடிப்பாக அப்பினார். பிறகு, வெளியே ஹாரன் கேட்கவும், கடைசிப் பொத்தானைக் காட்டினார். அவள் அந்த பில் சர்வரை அணைத்து எழுப்பினாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் பூசணிக்காய் உடைந்தது. லாரி கிளம்பியது.

சுவரும் விழித்துக்கொண்டது.

"எங்கே விட்டேன்? சரி, முதலிலிருந்தே வருவோம். எங்க தாத்தா…"

திருமலையப்பன் கண்ணை மூடித் திறந்தார்.

"அடுத்த வருசம் பொட்டு நீயே வச்சிரும்மா. எனக்கு இடுப்பு வளைய மாட்டேங்குது."

கதவுவரை போனவர் திரும்பி வந்தார். 'மீட்டிங்' பொத்தானின் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவளை ஒருமுறை பார்த்தார்.

ஹாலுக்குப் போய்விட்டார்.