ஒட்டாமல் விட்ட டைல்

ரொறொன்ரோவின் மில்லிக்கனில் அருள்நாயகம் தம்பதியின் சமையலறைக்குச் சூடேறும் தரை பதித்துக் கொடுத்த சுலக்சனை, ஒரேயொரு டைல் ஒரு மாதமாக நிம்மதியாக உறங்க விடவில்லை.

குளிர்சாதனப் பெட்டிக்கு அருகிலுள்ள மூலையில் ஓரடிச் சதுரத்துக்கு ஒரு குழி விட வேண்டும். அதை மூடும் டைலை ஒட்டக் கூடாது. இது திருமதி யோகமலர் அருள்நாயகத்தின் கட்டளை.

"ஏன் அன்ரி?"

"அது எங்கட வீட்டு விசயம், தம்பி. நீர் ஒட்டாமல் விடும்."

"சூட்டு வயர் குழியைச் சுத்தித்தான் போகும்."

"போகட்டும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

சுலக்சன் ஒருவருக்கும் சொல்லவில்லை. தனக்குத்தானே ஒரு சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டான்: நகை.

வரவேற்பறையில் தொங்கிய கலியாணப் படத்தை அவன் பார்த்திருந்தான். மணமகளின் தாயான யோகமலரின் கழுத்தில் கிடந்த, விசேடங்களுக்கு மட்டும் அணியும் தாலிக்கொடி, மணமகளுடையதைவிடத் தடிப்பாக இருந்தது. அதற்குத் துணையாக ஒரு பதக்கச் சங்கிலியும் கிடந்தது.

டைல் ஒட்டிய சாந்து நன்றாகக் காய்ந்த பிறகு, போன வாரந்தான் அவன் சூட்டை இயக்கிவிட்டிருந்தான். சுவரோரப் பலகை அடிப்பது மட்டுமே மிச்சம். வியாழக்கிழமை யோகமலர் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நாளைக்கு வரவேண்டாம். ஒரு செத்தவீடு. ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டால் வர ஆறு மணியாகும். சனிக்கிழமை வாரும்."

செத்தவீட்டுக்கு எவரும் பதக்கச் சங்கிலி அணிந்து போவதில்லை. சுலக்சனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணி. கார் இரண்டு தெரு தள்ளி நின்றது. கைபேசி வீட்டில் இருந்தது. கையுறை கையில் இருந்தது. பக்கக் கதவுப் பூட்டின் இரகசிய இலக்கத்தை வேலை தொடங்கிய அன்றே அருள்நாயகம் சொல்லிக் கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் முன்கூட்டியே சிந்தித்திருந்த சுலக்சன், உள்ளே நுழைந்ததும் சப்பாத்துகளைக் கழற்றி வைத்தான்.

அதற்கு இரண்டு காரணங்கள். எந்தத் தமிழ் வீட்டுக்குள்ளும் அவன் சப்பாத்தோடு நடந்ததில்லை. மேலும், பனி உருகத் தெருவில் கொட்டிய உப்பு சப்பாத்தோடு வந்தால் டைல்களின் இடைக்கோடு வெளுத்துப்போகும். திருடலாம், தான் செய்த வேலையைத் தானே பழுதாக்கக் கூடாது.

மூலை டைலை நோகாமல் தூக்கினான். குழிக்குள் மூடியிட்ட ஓர் எவர்சில்வர் பாத்திரம் இருந்தது. மூடியைத் திறந்தான்.

தோசை மா.

தை மாதத்து ரொறொன்ரோவில் எந்த வீட்டிலும் புளிக்க மறுக்கும் மா, அங்கே விளிம்புவரை பொங்கி நின்றது. தன் வயர் சரியான சூட்டைத்தான் கொடுக்கிறது என்பதில் அவனுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. மூடியை மூடி, டைலை வைத்து, மட்டம் சரிபார்த்துவிட்டு எழுந்தான்.

பிறகு அரிசி வாளி, சாமிப் படங்களின் பின்புறம், சேலை மடிப்புகள், உறைந்த மீன் பெட்டி என்று ஒன்றும் விடாமல் தேடினான். தேடிய ஒவ்வொன்றையும் இருந்தபடியே திருப்பி வைத்தான். ஒரு மூக்குத்திகூட அகப்படவில்லை.

மூன்று நாற்பதுக்குக் காராஜ் கதவு உயரும் ஓசை கேட்டது. இரங்கலுரை ஆற்றவிருந்த மூவரில் இருவர் பனியில் அகப்பட்டுக்கொண்டதால், செத்தவீடு வரலாறு காணாத வேகத்தில் முடிந்துவிட்டிருந்தது. சுலக்சன் பக்கக் கதவுக்குப் பாய்ந்து, சப்பாத்துகளுக்குள் கால்களைத் திணித்துக்கொண்டு ஓடினான்.

காரில் ஏறிய பிறகே கால்விரல்கள் வலித்தன. குனிந்து பார்த்தான். அதே மண்ணிறம், அதே வகை. ஆனால் சாந்துக் கறை இல்லை. அவை அருள்நாயகத்தின் பழைய சப்பாத்துகள். ஓரளவு பெரியவை, எனினும் முனைகளில் பழைய காலுறையைத் திணித்திருந்ததால் விரல்களுக்கு இடமில்லை. சப்பாத்தின் வடிவு குலையாதிருக்கச் சிலர் அப்படிச் செய்வதுண்டு.

அவனுடைய சப்பாத்துகளோ, விருந்து வீடுகளில் மாறிப்போய்விடக் கூடாது என்று மனைவி உள்ளே மையால் எழுதிய 'சுலக்சன்' என்ற பெயரோடு அந்த வீட்டில் இருந்தன. கையொப்பமிட்ட வாக்குமூலம் அது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே அவன் அதே சப்பாத்துகளோடு பக்கக் கதவடியில் நின்றான். திணித்திருந்ததை உருவி எறிந்திருந்தால் வலி தீர்ந்திருக்கும். ஆனால் எடுத்ததை எடுத்த நிலையிலேயே திருப்பி வைப்பதுதான் பாதுகாப்பு என்று தீர்மானித்திருந்தான்.

"என்ன தம்பி, நொண்டுறீர்?" என்றார் கதவைத் திறந்த அருள்நாயகம்.

"குளிர், அங்கிள். விரலெல்லாம் விறைச்சுப்போச்சு."

"அப்ப ஓடிப்போய் உம்மட தரையிலை நில்லும்."

அவனுடைய சப்பாத்துகள் விட்ட இடத்திலேயே இருந்தன, ஒருவரும் கவனித்திருக்கவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் அருள்நாயகத்தின் சப்பாத்துகளை, முனைகள் சுவரைப் பார்க்க, ஒழுங்காகக் கழற்றி வைத்தான். ஒரு மணித்தியாலத்தில் பலகை அடித்து முடிந்தது. யோகமலர் தோசை சுட்டுக் கொடுத்தார்.

"மா எப்பிடிப் பொங்கிக் கிடந்தது எண்டு நீர் பாத்திருக்கவேணும், தம்பி!"

சுலக்சன் தோசையை மென்றுகொண்டே தலையாட்டினான்.

தன் சொந்தச் சப்பாத்துகளோடு வெளியே வந்தபோது அவனுடைய நெஞ்சு லேசாகியிருந்தது. அந்த வீட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை. அந்த வீட்டில் எதையும் விட்டுவரவும் இல்லை. சட்டப்படி பார்த்தால் குற்றம் என்று ஒன்று நடக்கவே இல்லை.

அன்று மாலை ஒரு சாமத்திய வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் புறப்பட்ட யோகமலர், "எந்தத் தமிழ்க் கள்ளனும் லட்சுமியைச் சப்பாத்துக்குள்ளை தேடமாட்டான்" என்று வழக்கம்போல் கணவருக்கு நினைவூட்டிவிட்டு, பக்கக் கதவடியில் குனிந்து, அவருடைய பழைய இடது சப்பாத்தின் முனைக் காலுறைக்குள்ளிருந்து தாலிக்கொடியையும் வலது சப்பாத்தின் முனைக் காலுறைக்குள்ளிருந்து பதக்கச் சங்கிலியையும் உருவி எடுத்தார்.