ஒரே சொல்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது பியூலாவிடம் மிஞ்சியிருந்தது, ஜெபத்தில் கர்த்தருக்கு நன்றி சொல்லும் 'ஸ்தோத்திரம்' என்ற ஒரே சொல். தாகம் எடுத்தாலும் அதைத்தான் சொன்னாள். முதுகுப் புண் எரிந்தாலும் அதைத்தான். கணவர் தங்கதுரை தண்ணீர், மருந்து, தலையணை என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். சரியானது வந்ததும் அவள் கண்ணை மூடித் திறப்பாள்.

பார்க்க வந்த போதகர் நெகிழ்ந்துபோனார். "இந்த நெலமையிலயும் அக்கா கர்த்தருக்குள்ள எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க, பாத்தீங்களா அண்ணாச்சி!"

"அவளுக்கு மூத்திரம் வருது ஐயரே. கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார் தங்கதுரை.

மறுநாள் காலை கஞ்சி ஊட்டி, முகம் துடைத்துவிட்டு அவர் நிமிரும்போது அவள் "ஸ்தோத்திரம்" என்றாள். தண்ணீரைக் காட்டினார். கண் அசையவில்லை. போர்வையை விலக்கினார், புரட்டிப் படுக்கவைத்தார், மருந்தையும் மின்விசிறியையும் காட்டினார்.

"ஸ்தோத்திரம்."

"என்னதான் வேணும்? எனக்கு வெளங்கலியே தாயீ!" இன்னும் எதையாவது எடுத்துவர ஓடப் போனவரின் மணிக்கட்டை அவளுடைய இடது கை எட்டிப் பிடித்தது. வாயின் ஒரு பாதி சிரித்தது.

அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அது புரிந்ததும், கொடுக்க ஒன்றுமில்லாத கைகளோடு கட்டிலோரம் உட்கார்ந்தார். அவள் பார்வை அவரைத் தாண்டிப் போயிருந்தது. அவரும் திரும்பிப் பார்த்தார். வெறும் சுவர்.

"எனக்கும் கொஞ்சம் காட்டேன், பியூலா" என்றார்.