உப்புத் தண்ணீர் எலிகள்

"எல்லாரையும் கட்டியாச்சா?" என்று கேட்டார் பேராசிரியர் குவான்.

கட்டியாயிற்று என்றாள் சௌ-மன். முந்தின நாளிலிருந்தே அவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. அசைய முடியாதபடி ஆளுக்கொரு கம்பிவலைச் சுருளில் இறுக்கிக் குளிர் அறையில் அடுக்கியிருந்தாள். ஒருவன் மட்டும் வலை வழியே மூக்கை நீட்டி மீசையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

எலிகள்தான். வெளியே வேர்த்துக் கொட்டும் ஹாங்காங் கோடை. உள்ளே விரல் விறைக்கும் குளிர்.

அந்தக் குளிரிலும் பயத்திலும் எலியின் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும். செல்லுக்குள் கால்சியம் நுழையவிடாமல் தடுக்கும் ஓர் இதய மருந்து, இந்தப் புண்ணையும் தடுக்குமா என்பதுதான் ஆராய்ச்சி. பாதி எலிகளுக்கு மருந்து ஊசி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர்.

உடன் வேலை பார்த்த கா-லொக், அறுத்த வயிறுகளைக் கண்ணாடித் தட்டில் விரித்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பன்றிக்குடல் நூடுல்ஸ் உறிஞ்சுவான். ஃபார்மலின் நெடியும் குடல் வாசனையும் சேர்ந்து அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஒருநாள் தாங்காமல் எழுந்து போனபோது பின்னாலிருந்து சொன்னான்.

"எலிக்காக நீ வருத்தப்படுற. உனக்காக எந்த எலியாச்சும் வருத்தப்பட்டிருக்கா?"

அப்படிப்பட்டவள் இன்று காலை, ஊசி போடும் வேலையைத் தானே செய்வதாகக் கா-லொக்கிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவனுக்கென்ன, ஊசித் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

மதியம் முதலில் மருந்து எலிகளை அறுத்தார்கள். வயிறுகள் இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருந்தன. குவான் தலையாட்டினார்.

அடுத்து உப்புத் தண்ணீர் எலிகள். கறுத்த கோடுகளாக ரத்தம் உறைந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கா-லொக் நூடுல்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தான். குவான் லென்ஸோடு குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

சௌ-மன் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். உப்புத் தண்ணீர்ப் புட்டியை அவள் காலையில் தொடவே இல்லை. எல்லா எலிக்கும் மருந்தையே ஏற்றியிருந்தாள். சாகப்போகிற உயிர்கள், வயிறு புண்ணாகாமலாவது போகட்டும். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லையென்றால், மருந்தால் பயனில்லை என்று மனுஷன் ஆராய்ச்சியையே மூட்டை கட்டிவிடுவார் என்றும் நம்பினாள்.

குவான் லென்ஸை வைத்தார். அவர் முகத்தில் கோபமோ சந்தேகமோ இல்லை.

"நாம குடுத்த கஷ்டம் பத்தல, சௌ-மன். நாளையிலேர்ந்து ரெண்டு மடங்கு நேரம் கட்டி வை."