சமயத்தில் கெட்ட மைக்

மைக் முதலில் 'கர்ர்' என்றது. அப்புறம் அதுவும் இல்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஸ்டோர்ஸ்காரருக்குப் பகீரென்றது. முப்பத்தோரு வருஷம் கம்பெனியின் நட்டையும் போல்ட்டையும் கட்டிக் காத்தவர். இன்று அவருக்குப் பிரிவு உபசார விழா. முதலாளியே வந்து, கையில் தாளை விரித்துக்கொண்டு, "இன்று நம்மிடமிருந்து விடைபெறும்..." என்று ஆரம்பித்த நேரம் பார்த்தா இந்தக் கூத்து?

மைக்குக்குப் பொறுப்பு வேறு யாருமில்லை, ஸ்டோர்ஸ்காரருடைய சொந்த மாப்பிள்ளை.

மாப்பிள்ளை டீஜே. சொந்த வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பாட்டுப் போடுகிறவன். ஒரு மாதம் மூச்சுவிட நேரமிருக்காது. அடுத்த மாதம் வேனைத் துடைத்துத் துடைத்தே பெயிண்ட் போய்விடும்.

மாமனார் சும்மா இருப்பாரா? விழாக்கள் நடத்தித் தரும் பெரிய கம்பெனி ஒன்றில், ஆளைப் பிடித்து, காலைப் பிடித்து, அவனுக்கு ஒரு வேலை வாங்கி வைத்திருந்தார். மாதச் சம்பளம், சீருடை, லீவு எல்லாம் உண்டு. திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். அவனோ பிடிகொடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தான்.

"இன்னிக்கு விழாவைப் பாருங்க மாமா. பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க" என்று காலையில்தான் சொல்லியிருந்தான்.

"சரி. ஒரு குறையில்லாம நடத்திக் காட்டுங்க. அப்புறம் நான் வாயே திறக்கலை."

இப்போது திறக்காமல் என்ன செய்வார்?

முதலாளி மைக்கைத் தட்டினார், ஊதினார். மாப்பிள்ளை வயரை இழுத்தான், பட்டனைத் திருகினான், தலையைச் சொறிந்தான். முதலாளி வெறும் தொண்டையில் பேச முயன்றார். அதற்குள் இவன் ஒரு துள்ளல் பாட்டைத் தட்டிவிட்டான். பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்து மொத்தக் கூட்டமும் கைதட்டியது.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். தாளை மேஜையில் வைத்தார். ஸ்டோர்ஸ்காரரை மேடைக்குக் கூப்பிட்டுக் கைகுலுக்கி, ஒரு பரிசுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மேனேஜர் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டு விழாவுக்கும் உங்களைத்தான் நினைச்சிருந்தேன். இனிமே இந்தப் பக்கமே வந்துடாதீங்க."

"தப்பு என்னுதுதான் சார்" என்றான் அவன்.

ஸ்டோர்ஸ்காரருக்கு மனசே ஆறவில்லை. தன்னைப் பற்றி முதலாளி நாலு நல்ல வார்த்தை சொல்லி, அதை நாலு பேர் கேட்க வேண்டும் என்று முப்பத்தோரு வருஷம் காத்திருந்த மனுஷன் அவர். காது குளிரக் கேட்கத்தான் கொடுத்து வைக்கவில்லை, கண்ணாலாவது பார்க்கலாமென்று மேஜையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"என்ன தேடறீங்க?"

"இங்க ஒரு தாள் இருந்துதே மாமா..."

"அது என் சொத்து. கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டப் போறேன். நீங்க உங்க வயரைச் சுருட்டுங்க."

அவன் முகம் சுருங்கியதை அவர் கண்டுகொள்ளவில்லை.

வேனில் ஏறியதும் ஆரம்பித்துவிட்டார்.

"திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போடறீங்க. கம்பெனின்னா ஒண்ணு கெட்டா இன்னொரு மைக் இருக்கும். கேட்க ஆளிருக்கும். புரியுதா?"

"சரி மாமா."

இத்தனை சுலபமாகச் சரி என்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் தாளை எடுத்து விரித்தார்.

"மாமா, அதை வீட்டுக்குப் போய்ப் படிச்சுக்கலாமே..."

"ஏன், மத்தியான வெளிச்சத்துல எனக்குக் கண்ணு தெரியாதா?"

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கவே படித்தார்.

"இன்று நம்மிடமிருந்து விடைபெறும் அன்புச் சகோதரி..."

குரல் இறங்கியது. மீதியை மனசுக்குள் படித்தார். 'பதினாறு ஆண்டுகள் நம் டெலிபோனில் தேனாக ஒலித்த குரலுக்குச் சொந்தக்காரர். தாயுள்ளம் கொண்ட இந்த அம்மையார், இனி பேரக்குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் பின்னி மகிழட்டும்.'

போன வருஷம் ஓய்வு பெற்ற டெலிபோன் அம்மாவுக்கு எழுதிய பேச்சு. தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

முப்பத்தோரு வருஷத்தில் ஒரு வரி கூட அவருக்கென்று எழுத யாருக்கும் நேரமில்லை. அது வலித்தது. அதைவிட, இருநூறு பேர் முன்னால் இது வாசிக்கப்பட்டிருந்தால் என்று நினைத்தபோது உடம்பே கூசியது. சாகிற வரைக்கும் அவருக்கு 'அன்புச் சகோதரி' என்றுதான் பெயர் நிலைத்திருக்கும்.

தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார்.

"இதை எப்போ பார்த்தீங்க மாப்பிள்ளை?"

அவன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவர் பேச வந்தப்போ. உயரத்துக்குத் தக்க மைக்கை ஏத்திக் குடுத்தேன் இல்ல, அப்போ கண்ணுல பட்டுது."

"மைக்குக்கு என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்ல மாமா. நல்லாத்தான் இருக்கு."

ஸ்டோர்ஸ்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். கண்ணாடியை மட்டும் துடைக்கவில்லை.

"திங்கட்கிழமை எங்கேயும் போக வேண்டாம்."

"ஏன் மாமா? கம்பெனின்னா நல்லதுன்னுதானே சொன்னீங்க?"

"நல்லதுதான். ஆனா அங்க சேர்ந்துட்டா, மைக் கெட்டுப்போறதுக்குக்கூட மேலிடத்துல அனுமதி வாங்கணும் மாப்பிள்ளை."