அஸ்ஹானுக்கு ஏலாது

ஐந்தாவது தடவையாக அஸ்ஹான் பாறையில் குந்தியபோது மைக்கலின் வாயில் வந்தது நல்ல வார்த்தை இல்லை. விழுங்கிக்கொண்டான்.

"ஏலாது மச்சான். ரெண்டு நிமிசம்," என்று சொல்லி, அஸ்ஹான் தொப்பியைக் கழற்றி விசிறினான்.

மணி எட்டரை.

ஐந்தரைக்கு அன்புவழிபுரத்திலிருந்து இரண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டவர்கள் மூன்று பேர். வெயில் ஏறுமுன் உச்சியில் நிற்க வேண்டும் என்பது திட்டம். கன்னியாவுக்கு அப்பால் உள்ள இந்த மலை அப்படியொன்றும் பெரிதில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் இதே மூன்று பேரும் பந்தயம் கட்டி ஓடி ஏறியதுதான். இன்று பாதிகூடத் தாண்டவில்லை.

இந்த ஒரு சனிக்கிழமைக்காக மைக்கல் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மூன்று மாதமாக அவன் லீவில் நின்றான். துறைமுகத்தில் அவன் வேலை செய்த இழுவைப் படகு திருத்தத்துக்குப் போயிருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தான். வீடு, சந்தை, தொலைபேசி, பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் என்று ஒரே சத்தம். எங்காவது உயரமான இடத்தில் காற்றுப் பட நிற்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

மலைக்குப் போகிறேன் என்றதும் மனைவி மாகிரட் ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை. பிறகு, வியாழக்கிழமை பின்னேரம், என்ன நினைத்தாளோ, "சரி, போயிட்டு வாங்கோ," என்றாள்.

அவ்வளவு பாடுபட்டு வந்தால் இவன் அடிக்கொரு தரம் குந்துகிறான்.

கிண்ணியாவில் ஹாட்வெயார் கடை வைத்த பிறகு அஸ்ஹான் கதிரையை விட்டு எழும்புவதில்லை போலும். ஒரு காலத்தில் மாவட்டத்துக்காகவே ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடியவன். நாற்பத்தாறு வயதில் ஒருவன் இப்படியா தளர்ந்துபோவான்?

மூன்றாமவன் றுமைஸ் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து முதலில் மைக்கலிடம்தான் நீட்டினான்.

"எனக்கு எதுக்கு? அவருக்குக் குடு. அவர்தானே சாகக் கிடக்கிறார்," என்றான் மைக்கல்.

ஆனாலும் வாங்கிக் குடித்தான். நின்றது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. அவனுக்கும் மூச்சு கொஞ்சம் இரைத்தது. அஸ்ஹான் போட்ட சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

இரண்டு நிமிடம் பத்து நிமிடமாயிற்று. அஸ்ஹான் சப்பாத்தைக் கழற்றிக் கல் தட்டினான். மற்றச் சப்பாத்தையும் கழற்றினான். பிறகு, தூரத்தில் தெரிந்த சீனன்குடாப் பக்கத்தைக் காட்டி ஏதோ கதை தொடங்கினான்.

மைக்கலுக்குப் பொறுக்கவில்லை.

"நீ இஞ்சையே இருந்து கதை அளந்துகொண்டிரு. உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது என்ர பிழை. நான் போறன்!"

யாருடைய பதிலுக்கும் நிற்காமல் ஏறினான். பின்னால் அஸ்ஹான் கூப்பிடுவது கேட்டது. திரும்பவில்லை. கோபம் காலுக்கு வேகம் கொடுத்தது. வேரைப் பிடித்து, பாறையைப் பிடித்து, ஒரு வளைவைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டினான்.

மூன்றாவது வளைவில் கால் தானாக நின்றது.

பாதைக்கு மேலே ஒரு பாறை பலகைபோல நீட்டிக்கொண்டிருந்தது. அதில் தொற்றி ஏறி உட்கார்ந்தான். காதுக்குள் நாடி அடித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடி, மெல்ல மெல்ல மூச்சை இழுத்து விட்டான்.

கண்ணைத் திறந்தபோது கீழே யாரோ ஓடிவருவது தெரிந்தது.

ஓட்டம் என்றால் ஓட்டம். கல்லுக்குக் கல் தாவி, கையை ஊன்றாமல், மான் மாதிரி ஏறிவந்தான் அந்த மனிதன். சரிவு அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அஸ்ஹான்.

பாறைக்கு நேர் கீழே வந்து நின்று, பாதையை இரண்டு பக்கமும் பார்த்தான். தலைக்கு மேலே பார்க்கவில்லை. காதில் தொலைபேசி இருந்தது. குரலில் ஒரு துளி இரைப்புக்கூட இல்லை. பயம் மட்டும் இருந்தது.

"கோவிச்சுக்கொண்டு முன்னால போயிட்டான் மாகிரட் தங்கச்சி. நீங்க அழாதீங்க, நான் புடிச்சிடுவன். இவ்வளவு நேரமும் அவனுக்கு மூச்சு வாங்கேக்குள்ள எல்லாம் நான்தானே ஏலாது எண்டு குந்தினனான்."

மைக்கல் அசையாமல் இருந்தான்.

மூன்று மாதத்துக்கு முன் கண்டி ஆஸ்பத்திரியில் அவன் இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அது மாகிரட்டைத் தவிர வேறொருவருக்கும் தெரியாது என்றுதான் இந்த நிமிடம்வரை நினைத்திருந்தான். யாரும் தன்னை நோயாளியாகப் பார்க்காத ஓர் இடம் வேண்டும் என்றுதான் இந்த மலைக்கே வந்தான்.

எழும்பிக் கத்தலாம் என்று ஒருகணம் தோன்றியது. யார்மீது கத்துவது என்று தெரியவில்லை.

அவன் கால் பட்டு ஒரு சிறு கல் உருண்டு விழுந்தது.

அஸ்ஹான் நிமிர்ந்து பார்த்தான். தொலைபேசி சட்டைப்பைக்குள் போயிற்று. அடுத்த கணம் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயைத் திறந்து, பெரிதாக இரைக்கத் தொடங்கினான்.

மைக்கல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பாறையின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டான்.